ஏழாம் கட்டிலின் நல்ல நோயாளி

நல்ல நோயாளி யார் என்று எந்த ஆஸ்பத்திரி வாட்டில் கேட்டாலும் ஒரே பதில்தான்: சத்தம் போடாதவர். பத்து வருடம் தாதியாக இருந்த சுலோஜனாவும் அப்படித்தான் நம்பியிருந்தாள். ஏழாம் கட்டில் கதிர்காமத்தம்பியின் நோய்க் குறிப்பு ரிக்கட்டில் ஐந்து நாளாக அவள் எழுதி வந்ததும் அதுதான்: 'ஒத்துழைப்பானவர். முறைப்பாடு இல்லை.'

நாட்டில் சண்டை முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கதிர்காமத்தம்பி நாவற்குடாக்காரர், வாவியில் வலை வீசுகிறவர். பாரிசவாதம் இடப்பக்கத்தை விழுத்திவிட்டது; பேச்சு தப்பியது. தப்பிய பேச்சை அவர் செலவழிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது.

புதன்கிழமை பின்னேரம் மனைவி அன்னப்பூரணி சோற்றுக் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"முப்பது வரிசமா இந்த மனிசனோட கறிக்குச் சண்ட பிடிச்சன் மிஸ்ஸி. இறாலுக்குப் பால் கூடினா கோப்பைய வாசல் முத்தத்துக்கு எறிவார். இப்ப பாருங்க, குடுத்ததைத் தின்னுறார். உப்புப் போட மறந்த சொதியையும் குடிச்சிட்டார். ஆளைத் திருத்திப்போட்டீங்க!"

சுலோஜனாவும் சேர்ந்து சிரித்தாள். வேலை முடிந்து தேற்றாத்தீவு வீட்டுக்குப் போகும் பஸ் கல்லடிப் பாலம் ஏறும்போதுதான் அந்தப் பேச்சு அவளுக்கு உறைத்தது.

சுனாமிக்குப் பிறகு அவள் மூன்று மாதம் அகதி முகாமொன்றில் வேலை செய்தவள். பருப்பு அவியவில்லை என்று அகப்பையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தவர்கள் மெல்ல மெல்ல எழும்பி நடந்தார்கள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு மூலையில் இருந்த ஒரு பெண்ணை எல்லோரும் "தங்கமான புள்ள" என்றார்கள். பிறகு அவள் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். கடைசிவரை யாருக்கும் ஒரு கரைச்சலும் கொடுக்கவில்லை.

வியாழன் காலை சுலோஜனா வாட்டுப் பொறுப்பாளர் மங்கையற்கரசியிடம் போனாள்.

"சிஸ்டர், ஏழாம் கட்டில் ஐயாவுக்கு மனசு சரியில்ல. மனநல டொக்டருக்குக் காட்டாம அனுப்பப்படா."

"கவலையா இரிக்கி எண்டு சொன்னாரா?"

"இல்ல."

"சுலோ, சுனாமி கொண்டு போனது போக, சண்ட தின்டது போக மிச்சம் இரிக்கிற சனம் இது. ஆருக்குப் புள்ள கவலை இல்ல? எனக்கில்லையா? எல்லாரையும் அனுப்பினா அந்த டொக்டர் நம்மட வாட்டுலதான் பாய் போட்டுப் படுக்கோணும்."

அதிலும் நியாயம் இருந்தது. கவலையா என்று கேட்டால் இந்த மாவட்டத்தில் பாதிப்பேர் "ஓம்" என்பார்கள், மீதிப்பேர் "அது கிடக்கட்டும்" என்பார்கள். அந்தக் கேள்வியால் யாரையும் பிரித்தெடுக்க முடியாது.

ஆகவே அவள் வேறு கேள்வி எடுத்தாள். காய்ச்சல் பார்க்கும் தாளின் பின்பக்கத்தில் பதினொரு கட்டிலுக்கும் கோடு போட்டு, ஒவ்வொருவராகக் கேட்டாள்: "ஊட்டுக்குப் போனா முதல் என்ன கறி ஆக்கச் சொல்லுவீங்க?"

மூன்றாம் கட்டிலில் காத்தான்குடி பாறூக் தலையணையில் நிமிர்ந்தார். "கொடுவா மீன், மிஸ்ஸி. புளி விட்டு, தடிப்பா."

"கொடுவாவுக்குப் புளியா?" நாலாம் கட்டில் துள்ளியது. "பால்கறி வைக்கத் தெரியாத ஆக்கள்தான் புளி விடுவாங்க."

"எங்கட ஊட்டுக்கு வந்து ஒருக்காத் தின்டு பாருங்க, பிறகு கதைங்க!"

வாட்டே இரண்டு கட்சியாகிவிட்டது. வாய் கோணிய ஒன்பதாம் கட்டில்கூட விரலால் நண்டு நடத்திக் காட்டியது. சிஸ்டர் வந்து அதட்டவேண்டி வந்தது.

ஏழாம் கட்டில் சுவரைப் பார்த்தபடி சொன்னது: "எதெண்டாலும் ஒண்டுதான்."

ரவுண்ட்ஸ் வந்த டொக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். "என்ன மிஸ் இது, ஹோட்டல் ஓடரா?"

"கடைசிவரைக்கும் வாசிங்க சேர். ஏழாம் ஆள் வாவியில மீன் பிடிக்கிறவர்."

டொக்டரின் சிரிப்பு ஏழில் நின்றது. கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். "ஐயா, உங்களுக்கு ஒரு கறியும் பிடிக்காதா?"

கதிர்காமத்தம்பி மெல்ல முகத்தைத் திருப்பினார். பிறகு, "படுத்துக் கெடக்கிற எனக்கு என்னத்துக்குக் கறி டொக்டர்? அந்தச் சோத்தை வேலை செய்யிற ஆருக்கும் குடுங்க" என்றார். கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. துடைக்க இடக்கை வரவில்லை. வலக்கையை அவர் தூக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமைப் பயணம் நின்றது. மனநல டொக்டர் வந்து மாத்திரை எழுதினார். பலன் தெரியச் சில கிழமை, ஒரு மாதம்கூட ஆகும் என்றார். அந்தக் கிழமைகளைத் தள்ளும் வேலை சுலோஜனாவுடையது. தேத்தண்ணி நேரத்தில் பத்து நிமிடம் வெட்டி, கதிரை போட்டு அவர் பக்கத்தில் இருந்தாள். அவருடைய இடக்கை விரல்களை மடக்கி விரித்தாள். அவர் கதைக்காத நாளில் அவளும் சும்மா இருந்தாள். அவர் வீட்டுக்குப் போகும்போது அதையெல்லாம் அன்னப்பூரணிக்கும் பழக்கி அனுப்பினாள். சிஸ்டர் முதலில் முணுமுணுத்தார். பிறகு புதிதாக வருகிற எல்லோரிடமும் கறி கேட்கச் சொல்லித் தாதிமாருக்கு அவரே உத்தரவு போட்டார்.

ஆறாம் கிழமை கிளினிக். கணவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அன்னப்பூரணி வந்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"என்ன மாத்திரை குடுத்தீங்க மிஸ்ஸி? நல்லா இருந்த மனிசனைக் கெடுத்துப்போட்டீங்க! ராவு இறால் கறி வைச்சன். பால் கூடிப் போச்சாம். கோப்பையத் தள்ளிவிட்டுட்டார்!"

"எந்தக் கையால?" என்று கேட்டாள் சுலோஜனா.

அன்னப்பூரணி சட்டென்று கணவர் பக்கம் திரும்பினாள். கதிர்காமத்தம்பி தன் இடக்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, "பால் கூடினதுதானே புள்ள" என்றார்.