மூன்றாவது மாடியில் ஒரு கார் பேட்டரி

அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ஹாரன்தான். பஸ் ஓட்டிய காலத்தில் காலி ரோட்டில்கூட ஹாரன் அடிக்காமல் போகமாட்டார் என்று கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பேர். விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போன பிறகும் பேர் அவரை விடவில்லை. மோட்டார் வைத்த சக்கர நாற்காலி ஒன்று வாங்கினார்கள். மூன்றாவது மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கி, தெருமுனைவரை தானே போய், பழைய டிரைவர்களோடு வாயடித்துவிட்டுத் திரும்புவார்.

ஒருநாள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனது. நாள் கணக்கில் கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை. நாற்காலியிலும் சார்ஜ் தீர்ந்தது. அது மோட்டாரோடு சேர்ந்து பாறை கனம். கையால் உருட்டவும் முடியாது.

மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. காலையில் அவருக்கு வேண்டியதையெல்லாம் கட்டிலருகே வைத்துவிட்டு, கதவை வெளியே பூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தாள்.

"சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் போயேன்."

"வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? கதவுவரைக்கும் எழுந்து போகவா போறீங்க? திறந்துபோட்டா எவனாவது உள்ள வந்தா?"

பூட்டிக்கொண்டு போய்விட்டாள். விசிறி சுற்றாத அறையில் படுத்து, ஓடாத விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் காது விடைக்கும். சத்தம் மேலே ஏறிப் போய்விடும்.

மனைவியின் தம்பி டாக்ஸி ஓட்டுகிறவன். அவன் ஒரு காலையில் மூச்சு வாங்க ஒரு கார் பேட்டரியைச் சுமந்துகொண்டு வந்தான். கூடவே ஒரு சின்ன இன்வெர்ட்டர்.

"இதுல இருந்து வீட்டுக் கரண்ட் மாதிரி வரும் மாமா. உங்க சார்ஜரை இதுல சொருகிட்டா வேலை முடிஞ்சது."

பேட்டரியிலிருந்து வாயு கிளம்பும் என்று அதை ஜன்னலடியில் வைத்தான். அதுவரைக்கும் சரி. ஆனால் சார்ஜர் வயர் கட்டிலருகே நின்ற நாற்காலியிலிருந்து அவ்வளவு தூரம் எட்டவில்லை. பழைய ஸ்பீக்கர் வயரை எடுத்து, பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் ஒட்டுப்போட்டு, இன்வெர்ட்டரை இந்தப் பக்கம் இழுத்தான். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்ததும் மூன்று பேர் முகத்திலும் சிரிப்பு. அக்காவுக்கு நேரமாகிவிட்டது. அவளைத் தன் வண்டியிலேயே இறக்கிவிடுகிறேன் என்றான். பூட்டு விழும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை. தலையைத் திருப்பினார். தரையில் கிடந்த ஸ்பீக்கர் வயர் இளகி, மெல்லப் புகைந்தது. கை நீட்டி நாற்காலியிலிருந்து சார்ஜர் பின்னைப் பிடுங்கினார். அப்பாடா என்றிருந்தது. ஆனால் உருகிய வயரின் இரண்டு இழைகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டிருந்தன. பட்டென்று பொறி பறந்தது. வழியில் ஃப்யூஸ் எதுவும் இல்லாததால் பேட்டரி தன் வேகத்தையெல்லாம் ஒரே மூச்சில் அந்த இடத்தில் கொட்டியது. தரைவரை தொங்கிய ஜன்னல் திரையின் ஓரம் பற்றிக்கொண்டது.

"யாராவது வாங்க!" என்று கத்தினார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

"என்னண்ணே ஆச்சு? சாவி எங்க?"

"அவகிட்ட இருக்கு!"

கட்டிலிலிருந்து தன்னைத் தானே கீழே தள்ளிக்கொண்டார். தோள் தரையில் மோதியது. முழங்கையை ஊன்றி ஊன்றி, கால்களை மூட்டைபோல இழுத்துக்கொண்டு போனார். மாப்பின் மரக்கம்பு கைக்குக் கிடைத்தது. அதை நீட்டி, பேட்டரி முனையைக் கவ்வியிருந்த கிளிப்பைத் தட்டினார். முதலில் வழுக்கியது. மறுபடி தட்டியதும் தெறித்து விழுந்தது. திரையைக் கீழே இழுத்து, மாப்பாலேயே அடித்து அணைத்தார். அதற்கு மேல் உடம்பில் தெம்பில்லை. கன்னத்தைத் தரையில் வைத்துக் கிடந்தார். தையல்காரம்மா அவர் மனைவிக்கு போன் பண்ணிவிட்டு, கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்து, "பேசிக்கிட்டே இருங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மனைவி வந்து கதவைத் திறந்து, அவரைப் பார்த்ததும் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னை அடைச்சு வைக்காதே" என்றார்.

"நான் மட்டும் வெளியே சுத்திட்டா இருக்கேன்? சலவை, வீடு, சலவை. எனக்குக் கால் இருக்குன்னுதான் பேரு." அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பிறகு, அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, முழங்கையில் உரிந்த இடத்தை முந்தானையால் ஒற்றினாள். சாவியைத் தையல்காரம்மாவிடம் கொடுத்து வைக்க அன்றே ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் மச்சினன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். கார் சாமான் கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தான்.

"நீட்ட வேண்டியது பேட்டரிப் பக்கம் இல்லையாம் மாமா. அங்க தடி வயர், குட்டையா இருக்கணும். இன்வெர்ட்டருக்கு அப்புறம் எவ்வளவு தூரம்னாலும் எக்ஸ்டென்ஷன் போட்டுக்கலாமாம்."

"நேத்தே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்."

பேட்டரியை மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, ஜன்னலை விரியத் திறந்தான். பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் மாட்டினான். இன்வெர்ட்டரை அதன் சொந்த வயரோடு பேட்டரியை ஒட்டி வைத்து, எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கட்டில்வரை இழுத்தான். கிளிப் மாட்டிய பிறகுதான் இன்வெர்ட்டர் சுவிட்ச், கடைசியாகத்தான் சார்ஜர். இந்த முறை அவன் எங்கும் போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து வயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். சூடில்லை. இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தியதும் நிறுத்திவிட்டான். அதற்கு மேல் உறிஞ்சினால் பேட்டரியே செத்துவிடுமாம். நாற்காலியில் கால்வாசிதான் ஏறியிருந்தது.

அவரைத் தூக்கி உட்கார வைத்தான். ஹாரன் வராந்தாவுக்கு வந்தார். லிஃப்ட் கதவு இருட்டாக நின்றது. அதற்கு அடுத்து படிக்கட்டு. கீழேயிருந்து தெருவின் இரைச்சல் ஏறி வந்தது.

"முதுகுல ஏறிக்குங்க மாமா, கீழ கொண்டுபோறேன்."

"என்னைக் கொண்டுபோயிடுவே. இந்த வண்டியை எவன் தூக்குறது? கீழ போய் மூட்டை மாதிரி கிடக்கவா?"

வண்டியைத் திருப்பினார். தையல்காரம்மா வெளிச்சத்துக்காகக் கால் மிஷினை வராந்தாவில் போட்டிருந்தாள். பெரிய போர்வை ஒன்று மிஷினிலிருந்து வழிந்து தரையில் புரண்டது.

"சும்மாதானே இருக்கீங்க, இந்த முனையைப் புடிங்கண்ணே."

பிடித்துக்கொண்டார். தையல் ஓட ஓட, துணியை விட்டுக்கொடுத்தபடி நாற்காலியை அங்குலம் அங்குலமாக முன்னால் நகர்த்தினார்.