வணிகத்துக்கு இடையூறு செய்த அரசன்

ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது நானும் என் சிநேகிதியும் சேர்ந்து நைஜீரியாவைப் பற்றி ஒரு சுவர் அட்டை தயாரிக்க வேண்டியிருந்தது. அவளுடைய தாய் அங்கே பிறந்தவர். ஆனாலும் என் பெரியப்பாவுக்குத்தான் அதிகம் தெரியும் என்று நான் சாதித்தேன். ஒஸ்லோவுக்கு வருமுன் அவர் நைஜீரியாவில் வரலாறு படிப்பித்தவர்.

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, நாங்கள் நோர்வேஜிய மொழியில் எழுதினோம். பாமெண்ணெய் வாங்க பிரித்தானியர் ஆற்று முகத்துக்கு வந்தார்கள். அங்கேயிருந்த அரசன் அவர்களை ஆற்றுக்கு மேலே போகவிடவில்லை. வணிகத்துக்கு இடையூறு செய்ததால் அவனை நாடு கடத்தினார்கள். அந்த வரியைச் சிநேகிதி பச்சை மையால், தன் முத்தான கையெழுத்தில் எழுதினாள்.

பின்னேரம் அவளை அழைத்துப்போக வந்த தாய், சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியிலேயே நின்று அட்டையை வாசித்தார். பெரியப்பா சிரித்த முகத்தோடு வந்து, தான் அவர்களுடைய நாட்டில் ஆசிரியராக இருந்ததை ஆங்கிலத்தில் சொன்னார்.

“அந்த அரசர் எங்கள் ஊர்க்காரர்,” என்றார் சிநேகிதியின் தாய். “பேசலாம் என்று கப்பலுக்குக் கூப்பிட்டு, அப்படியே கொண்டுபோய்விட்டார்கள். அந்த ஆறு யாருடையது, சேர்?”

எனக்கு அப்போது ஆங்கிலம் அரைகுறை. சொற்கள் விளங்கின, நடந்தது விளங்கவில்லை. அவர் குரலை உயர்த்தவில்லை. மரியாதையாக ‘சேர்’ என்றுதான் சொன்னார். பிறகு ஏன் பெரியப்பா குனிந்து அந்தப் பச்சை வரியையே திரும்பத் திரும்ப வாசித்தார்? பிழை விட்டது நான்தானோ என்று பயந்தேன். சிநேகிதி என்னைப் பார்க்காமலே குளிர்ச்சட்டையைப் பூட்டிக்கொண்டு போனாள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் வேறு மேசையில் இருந்தாள்.

அன்று நான் வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா கத்தரிக்கோலை எடுத்து வந்து, அந்த வரியை வெட்டிவிட்டு அங்கே வெறுந்தாள் ஒட்டச் சொன்னார்.

“அப்ப அந்த இடத்திலை என்ன எழுதுறது, பெரியப்பா?”

“அவளின்ரை அம்மாவைக் கேட்டு எழுதுங்கோ.”

அட்டையோடு தனியாகவே அவர்கள் வீட்டுக்குப் போனேன். கப்பலில் நடந்ததைத் தாய் நிதானமாகச் சொன்னார். சிநேகிதி கடைசியில் பச்சைப் பேனையை எடுத்தாள். முந்திய வரியைவிடப் புதிய வரி நீளமாக வந்ததால், ஓரமெல்லாம் நெருக்கி எழுத வேண்டியதாயிற்று. ஆசிரியை அட்டையைச் சுவரில் மாட்டினார். சிநேகிதியின் கோபமும் அத்தோடு தீர்ந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னபோது பெரியப்பா குசினியில் அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். “அந்த நாட்டுப் பிள்ளையளுக்கே நான் அப்பிடித்தானே படிப்பிச்சனான். எத்தினை வகுப்புக்கு,” என்றார்.

அவர் பெருமை பேசுகிறார் என்றே நினைத்தேன். அவர் பெருமை பேசினால் அம்மா எப்போதும் சிரிப்பார்; அன்று ஏன் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.