எப்படிப் பிழைக்கிறாய் என்று கேட்ட சட்டம்

மைசூரில் நான் வக்கீல் தொழிலில் இறங்கிய புதிதில், எங்கள் தெருக்கோடி வீட்டின் பின்னறைக்கு ஒருவர் குடிவந்தார். நாற்பது வயதிருக்கும். கொள்ளேகால் பக்கத்து ஆள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. காலையில் அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவார். கையில் எப்போதும் ஒரு தூக்குப்பாத்திரம் இருக்கும். வேலை என்னவென்று கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

வீட்டுக்காரர் ரெவின்யூ ஆபீஸில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. கொள்ளேகால் அப்போது மதராஸ் மாகாணத்தில் இருந்தது. அங்கே ஏதோ செய்துவிட்டு எல்லை தாண்டி இங்கே பதுங்கியிருக்கிறான் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. எனக்கும் சந்தேகம்தான். எதிரே வந்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் விதம் சரியாகப் படவில்லை.

அந்தச் சமயத்தில் குழாயடியில் வைத்திருந்த ஒரு பித்தளைக்குடம் காணாமல் போயிற்று. மறுநாளே போலீஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது.

பழைய காலமாக இருந்தால் தெருப் பெரியவர்கள் கூடி மூட்டையைக் கட்டச் சொல்லியிருப்பார்கள். பிறகு முனிசிபாலிட்டி விதிகள் வந்தன. தெருவில் மாட்டைக் கழுவினால் அபராதம், குடித்துவிட்டுக் கூச்சல் போட்டால் அபராதம். அவையெல்லாம் ஒருவன் செய்த காரியத்தைப் பற்றியவை. போலீஸ் இப்போது கையில் எடுத்த சட்டம் வேறு மாதிரி. கண்ணுக்குத் தெரிய ஒரு பிழைப்பு இல்லாதவன், தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் சொல்ல முடியாதவன், நன்னடத்தைக்கு ஜாமீன் கொடுக்க வேண்டும். கொடுக்க ஆளில்லாவிட்டால் சிறை. குடத்தை அவர்தான் எடுத்தார் என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. சந்தேகமே போதும்.

அதைப் படித்தபோதுதான் என் சந்தேகம் போலீஸ் பக்கம் திரும்பியது. வெளியூர்க்காரன் ஒருவனை ஒழித்துக்கட்ட இதைவிட வசதியான வழி கிடையாது. கோர்ட் வராந்தாவில் அவரைப் பார்த்து, உங்களுக்காக நான் பேசுகிறேன், உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் சற்று விலகியதும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஏனுங்க, எம்புள்ள இங்க காசநோய் ஆஸ்பத்திரில கெடக்குதுங்க. தெனமும் கஞ்சி கொண்டுபோறனுங்க. அதச் சொன்னா எவனுங்க வீடு குடுப்பான்?"

ஊரில் நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, அவன் அனுப்புவதை வைத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். மனைவி அதே நோயில் போய்விட்டாள். மகளுக்குப் பதினாறு வயது.

இதைக் கோர்ட்டில் சொன்னால் வெளியே வந்துவிடலாம் என்றேன். சொல்ல வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். நீங்கள் சிறைக்குப் போனால் மகளுக்குக் கஞ்சி யார் கொண்டுபோவது என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் தலையசைத்தார்.

மாஜிஸ்திரேட் ஆஸ்பத்திரிக்கு ஆளனுப்பி விசாரித்தார். டாக்டர் எல்லாம் உண்மை என்று எழுதியனுப்பவே, ஜாமீன் தேவையில்லை என்று அவரை விடுதலை செய்தார். வீட்டுக்காரர் பின்பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் வருத்தம் வரும் என்று பார்த்தேன். அவர் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அன்று மாலையே அறைக்குள் சுண்ணாம்பு அடித்தார்கள். குடியிருந்தவருடைய பாயும் பெட்டியும் தெருவில் கிடந்தன. நான் போய்க் கேட்டதற்கு வீட்டுக்காரர் குரலை உயர்த்தாமல், கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"கள்ளன்னா ஜெயில்ல போடலாம், சுவாமி. இதை என்ன பண்றது? சும்னே கோச்சுக்காதீங்க. தொத்துநோய்க்கும் முனிசிபாலிட்டில ரூல் இருக்கு."

இருந்தது உண்மைதான். முதல் சட்டம் அவரை விட்டுவிட்டதும், தெரு அடுத்ததைக் கையில் எடுத்துக்கொண்டது. குடம் கடைசிவரை கிடைக்கவில்லை. பெண்கள் பால்காரனை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள்.

என் கட்சிக்காரர் ஒருவர் பட்டு வியாபாரி. மார்க்கெட் பக்கத்தில் இருந்த அவருடைய கிடங்கில் ஒரு மூலையைக் கேட்டு அந்த மனிதருக்கு வாங்கிக் கொடுத்தேன். வியாபாரி எதுவும் விசாரிக்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் கோர்ட் வாசலில் அந்த மனிதர் நின்றிருந்தார். மகளுக்குக் குணமாகிவிட்டது, மத்தியான பஸ்ஸில் ஊருக்குப் போகிறோம் என்றார். அவள் எதிரே பஸ் நிற்கும் மரத்தடியில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான பெண். முந்தானையால் வாயை மூடியிருந்தாள்.

நான் அவளிடம் போக அடியெடுத்து வைத்தேன். அவர் சட்டென்று குறுக்கே வந்து நின்றார்.

"அங்கயே நில்லுங்க சாமி. நாளைக்கு உங்க வீட்ல யாராச்சும் இருமுனாக்கூட எங்களத்தான நெனப்பீங்க."

பஸ் கிளம்பும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன்.