மோவாயில் மூன்று புள்ளி

ரேடியோ என்று சொன்னால் அந்த வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்து அட்டையில் தொங்கினாலும் அதை யாரும் படித்ததில்லை. வாயைத் திறந்தால் மூடமாட்டான் என்பதற்காக விழுந்த பட்டம் அது. வழிகாட்டி வேலைக்கு வாய்தானே முதல், அவனும் அதைப் பெருமையாகவே சுமந்துகொண்டு திரிந்தான்.

நாட்டைச் சுற்றிப் பார்க்க நேரமில்லாத வெளிநாட்டுக்காரர்களுக்காக, நாட்டையே சுருக்கி ஒரு மதிலுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். கடற்கரைக்காரர் வீடு, ஆற்றோரத்தார் வீடு, சமவெளிக்காரர் வீடு, கடைசியில் மலைக்காரர் குடிசை. ஒவ்வொன்றிலும் அந்தந்த ஜனத்தின் ஆட்கள் அவர்களுடைய உடுப்பில் உட்கார்ந்து வலை பின்னுவார்கள், பானை வனைவார்கள், கம்பளி நூற்பார்கள். "எத்தனை ஜனங்கள்! ஆனால் ஒரே குடும்பம்!" என்று ரேடியோ கையை விரிப்பான். அந்தக் குடும்பத்தில் வலை பின்னுகிறவர் சாப்பிடும் மேசைக்குப் பானை வனைகிறவர் கிட்டேகூட வரமாட்டார் என்பதை மட்டும் சொல்லமாட்டான். அதைச் சொல்வதற்கா சம்பளம் தருகிறார்கள்?

அவனுடைய சரக்கில் நன்றாக விலை போனது மலைக்குடிசைதான். "மலைக்காரன் கையில கடிகாரத்தைக் கட்டினா, கடிகாரமும் தூங்கிடும்!" என்பான். பார்க்க வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். உள்ளே தரையில் உட்கார்ந்து கம்பளி நூற்கும் பெண்மணியும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்து வைப்பாள். அவள் ரேடியோவின் கூடப்பிறந்த அக்கா.

இது அங்கே ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. அப்பா அம்மா போனபிறகு தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கியவள் அவள். ஒரு சலவைக்கூடத்தில் ஓட்டல்காரர்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்தே அவனைப் படிக்க வைத்தாள். படித்தவன் முதலில் கற்றுக்கொண்டது மலைப்பேச்சின் வாடை தன் நாக்கில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதை. சமவெளிக்காரன் என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தான். வேறெப்படிச் சேர்வது? அந்த வளாகத்தில் மலைக்காரர்கள் உட்கார்ந்து காட்சி தருகிறவர்கள். நின்று பேசுகிறவர்கள் மற்றவர்கள்.

சமவெளியிலேயே பெண்ணும் பார்த்தான். மலைப்பெண்களுக்குச் சின்ன வயதிலேயே மோவாயில் மூன்று புள்ளி பச்சை குத்திவிடுவார்கள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அக்காவிடம் போய் நின்றான்.

"அக்கா, அந்தப் புள்ளிய மட்டும் எடுத்துடேன். பொண்ணு வீட்ல பார்த்தா எல்லாம் நின்னுடும்."

"வலிக்குமாடா?"

"கொஞ்சம் எரியும். அவ்வளவுதான்."

சலவைக்கூடத்தில் துருக்கறை எடுக்கும் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு அவன்தான் வைத்தான். அவள் முந்தானையைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டாள். கல்யாணத்தில் அவளைத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். மோவாய்ப் புண் அப்போதும் முழுசாக ஆறியிருக்கவில்லை.

பிறகு சலவைக்கூடத்துக்கு மெஷின் வந்தது, அக்கா வெளியே வந்தாள். வளாகத்து மேனேஜரோ அசல் மலைக்காரி கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார். "தெரிஞ்ச அம்மா ஒருத்தங்க இருக்காங்க சார், பாவப்பட்டவங்க" என்று ரேடியோ கூட்டிவந்தான். மேனேஜருக்கு ஒரே குறைதான்: "புள்ளி இல்லாத மலைக்காரிய எவன்யா நம்புவான்?" அதற்கும் வழி பிறந்தது. உடுப்புக்காரப் பெண் தினமும் காலையில் புருவம் தீட்டும் பென்சிலால், அந்தத் தழும்பின் மேலேயே, மூன்று புள்ளி வைத்துவிடுவாள்.

அன்று வந்த வெளிநாட்டுக்காரர் சிரித்துவிட்டுப் போகிற ரகமில்லை. கையில் தடிப் புத்தகம், அதில் படங்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மரியாதையாகத் தலை குனிந்து, "இவர்கள் உண்மையிலேயே இந்த ஜனம்தானா?" என்று கேட்டார். வளாகத்துக்கு உதவி செய்யப்போகும் பெரிய மனிதர் என்பதால் மேனேஜரே பின்னால் நடந்து வந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. மலைக்குடிசைக்கு வந்தபோது, கம்பளிச் சால்வைக்குள் வெந்துகொண்டிருந்த அக்கா முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று புள்ளியும் கலந்து மோவாயில் ஒரே கரிப் பூச்சாக நின்றது.

வெளிநாட்டுக்காரர் குனிந்து பார்த்தார். புத்தகத்துப் படத்தைப் பார்த்தார். "இது மையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. ரேடியோ அக்காவிடம் கேள்வியைச் சொன்னான்.

"நெசப் புள்ளி இருந்துச்சுங்க. எரிச்சுட்டேன்," என்றாள் அக்கா.

"என்ன சொல்கிறாள்?" என்றார் வெளிநாட்டுக்காரர். எரித்தாள் என்று சொன்னால் ஏன் எரித்தாள் என்பார். அடுத்து, யார் எரித்தார்கள் என்பார். அந்த மனிதர் விடுகிற ஆளில்லை.

"மைதான் என்று ஒப்புக்கொள்கிறாள்," என்றான் ரேடியோ, அவர் மொழியில்.

மேனேஜர் இருவர் பேச்சையும் கேட்டார், ஆனால் அவருக்கு எது வசதியோ அதைப் பிடித்துக்கொண்டார். "எரிச்சாளாமே! கதை விடறா பாரு. நீதானேய்யா கூட்டிட்டு வந்தே, இவ நெசமாவே மலைக்காரிதானா?"

அக்கா தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று அடுத்த வார்த்தை வரும். நாளைக்கே அவனையும் ஒரு சால்வையைப் போர்த்தி அவள் பக்கத்தில் உட்கார வைப்பார்கள்.

"நானும் நம்பி ஏமாந்துட்டேன் சார்," என்றான்.

"அப்போ அவ வாயாலயே இவர்கிட்ட சொல்லச் சொல்லு. மன்னிப்புக் கேக்கச் சொல்லு. இதுல நமக்குச் சம்பந்தமில்லைன்னு இவருக்குத் தெரியணும்."

அக்கா எழுந்தாள். மடியிலிருந்த கம்பளி நூலைக் கீழே வைத்துவிட்டு மலைப்பேச்சில் சில வார்த்தை சொன்னாள். அங்கே நின்றவர்களில் அது ஒருவனுக்குத்தான் புரியும். 'உன் பேரு வராம முடிச்சுக்கறேன், பயப்படாதே' என்றாள்.

"என்னய்யா பாஷை இது?" என்றார் மேனேஜர்.

"தெரியல சார். சும்மா உளர்றா."

அதைக் கேட்டபிறகு அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று வடிந்துபோனது. கை கட்டிக்கொண்டு வெளிநாட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "நான் மலைக்காரி இல்லீங்க. வயித்துப் பாட்டுக்குப் பொய் சொன்னேன். மன்னிச்சுடுங்க."

ரேடியோ மொழிபெயர்த்தான்.

வெளிநாட்டுக்காரர் நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. கோபப்படவில்லை. கண் கலங்கிவிட்டது அவருக்கு. அக்காவின் தோளில் கை வைத்து, ரேடியோவிடம் நிதானமாகச் சொன்னார். "என் வார்த்தைகளாகவே அவளிடம் சொல்லுங்கள். யாரும் தன் பிறப்பை மறைத்து வாழக்கூடாது. அவளுக்கென்று ஒரு ஜனம் இருக்கும், அதை நினைத்து அவள் பெருமைப்பட வேண்டும்."

ரேடியோ கழுத்து அட்டையைத் திருகிக்கொண்டு நின்றான்.

"சொல்லுய்யா," என்றார் மேனேஜர்.

அக்காவின் முகத்தைப் பார்க்காமல், குடிசையின் கூரையைப் பார்த்தபடி சொன்னான். "பொறப்ப மறைச்சு வாழக்கூடாதாம். உங்க ஜனத்த நெனச்சு நீங்க பெருமைப்படணுமாம்."

அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சரிங்க. அவருக்குத் தங்கமான மனசுன்னு சொல்லுங்க," என்றாள்.

அதையும் அவன் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தான்.