சூனியோன் கோயிலில் அம்மாவின் மூன்று சுற்று

1. சனி காலை நானும் அம்மாவும் லண்டன் நோர்பரி வீட்டைப் பூட்டிக்கொண்டு கட்விக் விமான நிலையத்துக்குப் புறப்பட்டோம்.
2. திங்கள் ஒன்பதரைக்கு ஏதென்ஸில் சுற்றுலா பஸ் ஏறினோம். கடலோரம் சூனியோன் முனைவரை எழுபது கிலோமீட்டர். ஆளுக்கு 45 யூரோ.
3. பன்னிரண்டேகாலுக்கு அம்மா வெறுங்காலுடன் கோயிலைச் சுற்றத் தொடங்கினார்.
4. வழிகாட்டி அதைப் படமெடுத்தார்.

நான்காவதைத்தான் இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அம்மாவுக்கு இருபது வருட நீரிழிவு. உள்ளங்காலில் சூடு தெரியாது. முன்பு வலது காலில் வந்த புண் ஆற எட்டு மாதம் எடுத்தது. பதிவுப் படிவத்தில் மருத்துவ விவரம் கேட்ட கட்டத்தில் இதையெல்லாம் எழுதியிருந்தேன். பஸ் ஏறும்போது வழிகாட்டிப் பெண்ணிடம் வாயாலும் சொன்னேன். தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அது பழங்காலக் கிரேக்கக் கோயில்; கடலுக்கு மேலே, பாறை முனையில் நிற்கிறது. கூரை இல்லை, வெள்ளைத் தூண்கள், இடையிடையே கடலின் நீலம். உள்ளே விடுவதில்லை, சுற்றிக் கயிறு. அன்று 37 பாகை. அருகில் ஒரு மர நிழலும் இல்லை. தண்ணீர் வாங்க வாசல் கடைக்குப் போனேன். வரிசையில் இருபது நிமிடம் போயிற்று.

திரும்பி வந்தபோது அம்மாவின் செருப்பு கயிற்றோரம் சோடியாக இருந்தது. அவர் மூன்றாவது சுற்றில் இருந்தார். வழிகாட்டி கைபேசியைப் பிடித்தபடி அவருக்கு முன்னால் பின்புறமாக நடந்துகொண்டிருந்தார்.

"செருப்பை ஏனம்மா கழட்டினனீங்கள்?"

"கோயிலைச் செருப்போட சுத்துறதே?"

"இஞ்ச ஒருத்தரும் கும்பிடுறேல்லை. உள்ளுக்குச் சாமியே இல்லை."

"சாமி வெளிக்கிட்டுப் போனா கோயில் கடையாயிடுமோ? நீ தண்ணியைத் தா."

அம்மாவின் வலது பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். குதிக்கால் தோல் வெந்து வெள்ளையாக எழும்பியிருந்தது. ஏன் தடுக்கவில்லை என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அவ்வளவு பக்தியைக் குழப்ப மனம் வரவில்லையாம். படமெடுக்க மட்டும் மனம் வந்திருக்கிறது. அவர் காலில் தடித்த அடி வைத்த சப்பாத்து.

என்மேலும் கோபம்தான். இன்சுலின், ஐஸ் பை, தொப்பி எல்லாம் என் பட்டியலில் இருந்தன. கோயில் என்று சொன்னால் அம்மா செருப்பைக் கழற்றுவார் என்ற வரி இல்லை. பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன், எழுதத் தோன்றவில்லை.

லண்டன் திரும்பி ஐந்து கிழமை. அந்தப் படம் சுற்றுலா நிறுவனத்தின் விளம்பரப் பக்கத்தில் இருக்கிறது. நீக்கச் சொல்லி மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன்; பதில் இல்லை. கிழமைக்கு இரண்டு தரம் தாதி வந்து கட்டு மாற்றுகிறார். அம்மா இன்னும் வலது காலை நிலத்தில் ஊன்றவில்லை.