ஓசூருக்குக் கேட்ட குரல்

என் மகள் ஓசூரில் செல்போன் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். எங்கள் மலையிலிருந்து வேன் வைத்து அழைத்துப்போன பெண்களில் அவளும் ஒருத்தி. முதலில் வரிசையில் நின்று ஸ்க்ரூ முடுக்கினாள். அவளுக்குக் காது கூர்மை என்று தெரிந்ததும் ஒலி சோதிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை அது. வெளிச்சத்தம் ஒரு துளியும் உள்ளே வராது. செய்து முடித்த போனை ஒவ்வொன்றாகக் காதில் வைத்து, பேசுகிற குரலுக்குப் பின்னால் இரைச்சலோ கரகரப்போ இருக்கிறதா என்று கேட்டுச் சொல்ல வேண்டும்.

"கொசு பறக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு கேக்கும்மா. அத வுட்டுட்டோம்னா சூப்பர்வைசர் திட்டுவாரு" என்பாள்.

நான் ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சிற்றூரில் அங்கன்வாடிப் பணியாளர். என் கணவர் சாமை விதைப்பார். ஓடைக்கு மேலே எங்களுக்கு ஆறு புளியமரங்கள். பிள்ளை ஒன்றுதான் தங்கியது. அதற்கு முன் பிறந்த ஆண் குழந்தையைக் காய்ச்சலோடு தோளில் தூக்கிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் நடந்தோம். பாதி வழியிலேயே போய்விட்டது. அப்போது எங்கள் பக்கம் டவர் கிடையாது. ஒரு வண்டியைக் கூப்பிட வழியில்லை. அதனால் செல்போன் வந்து கெட்டுப்போனோம் என்று யாராவது பேசினால் நான் அந்தப் பேச்சில் சேர மாட்டேன்.

மகளுக்கு நைட் ஷிப்டு. காலையில் ஹாஸ்டலுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு, படுக்கும் முன் எனக்குப் போன் செய்வாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் வெகுநேரம் பேசுவோம். பாத்திரம் கழுவிக்கொண்டே, சாமை புடைத்துக்கொண்டே பேச வசதியாக இருக்கும் என்று அவளே ஒரு இயர்போன் வாங்கி அனுப்பியிருந்தாள். காதுக்குள் கச்சிதமாக அடைத்துக்கொள்ளும் ரப்பர் வைத்தது. அதைச் செருகிக்கொண்டால் மகள் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். ஹாஸ்டலில் யாரோ வாளியை இழுப்பது, பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் சிரிப்பது எல்லாம் என் தலைக்குள்ளேயே நடக்கும். எங்கள் வாசலில் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியாது.

மாசி மாதம், புளி உலுக்கும் காலம். அன்று ஞாயிறு. என் கணவர் காலையிலேயே தொரட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழக்கமாக அவர் ஏறி உலுக்குவார், நான் கீழே நின்று பொறுக்குவேன்.

"நான் போய் உலுக்கி வெக்கிறேன். நீ பத்து மணிக்கா கோணி எடுத்துக்கினு வந்துடு" என்றார்.

"பொண்ணு போன் பண்ணும். பேசிட்டு வர்றேன்."

"பேசு பேசு. நல்லா கீறேன்னு சொல்லு."

அவருக்குப் போனில் பேச வராது. மகளே கேட்டாலும் 'ம்' என்பார், 'சாப்ட்டியா' என்பார், என்னிடம் நீட்டிவிடுவார்.

மகள் பத்து மணிக்கு மேல்தான் கூப்பிட்டாள். கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி, கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவனைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்ற கதையைச் சொன்னாள். நான் வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்தபடி விழுந்து விழுந்து சிரித்தேன். நடுவில் அவள் பேச்சை நிறுத்தினாள்.

"மா, உம் பின்னால யாரோ கூப்புட்ற மாதிரி கீது."

"யாரு?"

"தெர்ல. தூரத்துல. ஆம்பள குரல் மாதிரி."

நான் திரும்பிப் பார்த்தேன். கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. பலாமரத்தடியில் ஆடு கட்டியிருந்தது. ஆள் யாரும் இல்லை. காதால் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கண்ணால் தேடினேன். அந்த ரப்பரைக் காதிலிருந்து எடுத்திருந்தால் போதும். எடுக்கவில்லை.

"ஆடு கத்துதுடி. நீ சொல்லு, அப்புறம் இன்னா ஆச்சு?"

அவள் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "மா, மறுபடியும் கேக்குது" என்றாள்.

"காத்து அடிக்குது, அதான். நீ தூங்கு போ, கண்ணு சொக்குது உனுக்கு" என்றேன்.

போனை வைத்த பிறகு அவள் அந்தக் கல்யாண வீடியோவை அனுப்பினாள். அதைப் பார்த்தேன். அதற்குக் கீழே வந்த வேறு வீடியோக்களையும் பார்த்தேன். களி கிண்டி இறக்கிவிட்டுக் கோணியைத் தூக்கிக்கொண்டு நான் ஓடையைத் தாண்டியபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

அவர் மூன்றாவது மரத்தடியில் பாறை மேல் கிடந்தார். முறிந்த கிளை பக்கத்தில் கிடந்தது. கண் திறந்திருந்தது. மரம் ஏறும்போது எப்போதும் போலச் சட்டையைக் கழற்றி ஒரு செடியில் மாட்டியிருந்தார். போன் அதன் பையில் இருந்தது. அதை எடுக்கக் கைகளை ஊன்றி இழுத்து இழுத்துக் கொஞ்ச தூரம் வந்திருக்கிறார். முழங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. நடுவில் அந்தப் போன் ஒருமுறை அடித்திருக்கிறது. பிறகு எடுத்துப் பார்த்தேன். ரீசார்ஜ் செய்யச் சொல்லும் விளம்பர அழைப்பு.

"எத்தினி வாட்டி கூப்ட்டேன்" என்றார். தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது. "எங்க போய்ட்ட?"

"சாமை அரைக்கிற மெஷினாண்ட இருந்தேங்க. சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. மரத்திலிருந்து எங்கள் வீடு இரண்டு கொல்லைத் தூரம்தான். அவர் சத்தம் போட்டால் எதிர்ச்சரிவில் மாடு மேய்ப்பவனுக்கே கேட்கும். வாசலில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

நான் போனில் கூப்பிட்டதும் ஆம்புலன்ஸ் ரோடு முடிகிற இடம் வரைக்கும் வந்து நின்றது. கம்பளியில் கட்டி நான்கு பேர் தூக்கிப்போனார்கள். முதல் பிள்ளைக்குக் கிடைக்காதது எல்லாம் இவருக்குக் கிடைத்தது.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் இருந்தோம். முதுகெலும்பு உடைந்து நரம்பு நசுங்கியிருந்தது. மூன்று மணி நேரம் முன்னால் பார்த்திருந்தால் எழுந்து நடந்திருப்பாரா என்று நான் பார்த்த டாக்டரை எல்லாம் கேட்டேன். விழுந்த நொடியிலேயே போயிருக்கும் என்றார் ஒருவர். அவர் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு நகர்ந்ததில் இன்னும் நசுங்கியிருக்கலாம் என்றார் இன்னொருவர். முதலில் சொன்னவரைத்தான் நம்ப முயற்சி செய்தேன்.

மகள் லீவு போட்டு வந்தாள். அப்பாவின் கட்டிலருகே தலையைக் குனிந்தபடி உட்கார்ந்து பேசினாள். துணி துவைக்கும் குழாயடிக்கு என் பின்னாலேயே வந்து நின்றாள்.

"மா. அன்னிக்கு நான் சொன்னேன் இல்ல?"

நான் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன்.

"அது அப்பாதான?"

"அவருகிட்ட சொல்லிடாதடி. மெஷினாண்ட இருந்தேன்னு சொல்லிட்டேன்."

அவள் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஓசூருக்குத் திரும்பிப்போனதும், தன்னைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்தக் கண்ணாடி அறையில் எந்தப் போனை எடுத்தாலும் பின்னால் யாரோ கூப்பிடுவது போலவே இருக்கிறதாம். நல்ல போனை எல்லாம் கெட்டது என்று ஒதுக்கிவைத்திருக்கிறாள். எனக்குப் போன் செய்வதும் குறைந்தது. செய்தாலும் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். ஒருத்தி மூச்சு விடுவதை இன்னொருத்தி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுவோம்.

மெஷின் சத்தத்தில்தான் எனக்குக் கேட்கவில்லை என்று நம்பிய ஊர்ப் பெண்கள்கூட அந்த மாதம் மட்டும் புளி பொறுக்கப் போகும்போது காதில் எதையும் மாட்டவில்லை. பிறகு ஒவ்வொருத்தியாக மாட்டத் தொடங்கினார்கள். நானும்தான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. வீட்டின் அமைதியைத் தாங்க முடியாமல்தான் மாட்டினேன்.

அவர் கட்டிலோடு ஆனார். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூத்திரப் பையை மாற்ற வேண்டும். நான் அங்கன்வாடிக்குப் போகிற நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்துக்கொள்வாள். போனைத் தொடாமல் இருந்த மனிதர் பொழுதெல்லாம் அதையே பார்க்க ஆரம்பித்தார். கடல், பனி, எங்கோ ஒரு ஊரில் ஓடும் ரயில். தன் காலின் மேல் ஈ உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது; ஜப்பானில் மழை பெய்வது தெரியும்.

அடுப்படிக்கும் கட்டிலுக்கும் பத்தடிதான். தண்ணீர் வேண்டும் என்றால் எனக்கு மிஸ்டு கால் கொடுப்பார்.

"ஏங்க, வாயத் தொறந்து கூப்ட்டா ஆவாதா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"போன் அடிச்சா எடுக்கிற. அதான்" என்றார். குத்திக்காட்டுகிற மாதிரியும் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

புரட்டாசியில் அவருடைய போனின் பேட்டரி உப்பிக்கொண்டது. மலையை விட்டு ஒடுகத்தூருக்கு இறங்கிப்போய்த்தான் மாற்ற வேண்டும். அதுவரைக்கும் பொழுதுபோகட்டும் என்று என் போனை அவரிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் சாயங்காலம் திரும்பி வரும்போது வீட்டுக்குள் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. யார் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தபடி உள்ளே போனேன். போனில் சிரித்துக்கொண்டிருந்தது நான்.

அந்தப் போனை விற்ற கடைக்காரர், பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகிற மாதிரி வைத்துக் கொடுத்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. மெமரி நிறைந்துபோய்ப் பதிவு நின்ற நாள் வரைக்கும் நான் பேசிய ஒவ்வொரு பேச்சும் தேதியோடு உள்ளே கிடந்திருக்கிறது. பொழுது போகாமல் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தவர், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

"உக்காரு" என்றார். "மொத்தமும் கேளு."

சாம்பார் ஊற்றுகிறவன் கதை. என் சிரிப்பு. அதற்குப் பின்னால், மகள் சொன்ன மாதிரியே கொசு அளவுக்கு, என் பேரைச் சொல்லிக் கூப்பிடும் குரல். அன்றைக்குத்தான் நான் அதை முதல்முறையாகக் கேட்டேன். பிறகு மகள், 'யாரோ கூப்புட்ற மாதிரி கீது'. பிறகு நான், 'ஆடு கத்துதுடி'.

"ஏழு வாட்டி கூப்ட்டிருக்கிறேன் இதுல" என்றார். "கடைசி ரெண்டு, சத்தத்த ஏத்தி வெச்சாத்தான் கேக்குது."

போனைக் கீழே வைத்தார்.

"மெஷினாண்ட இருந்தேன்னு சொன்ன."

"பொய்யி சொன்னேங்க."

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் சொல்ல வேணாம்னேன்."

"அதான் பொண்ணு எங்கிட்ட பேசும்போது எங்கண்ணப் பாக்கல" என்றார். பிறகு மகளுக்கு வீடியோ கால் போடச் சொன்னார். ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் யூனிபாரத்தோடு திரையில் வந்தாள். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"உங்காதுல உழுந்துச்சும்மா. எங்கியோ இருக்கிற, உனுக்குக் கேட்டுச்சு. நீ சொல்லவும் சொன்ன. உம்மேல ஒண்ணுமில்ல. கேட்டியா? ஒண்ணுமில்ல."

அவள் போனைப் பிடித்தபடியே அழுதாள். பக்கத்தில் நின்ற என் மேலே ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று அவர் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. நான் ஊட்டினால் சாப்பிட்டார், புரட்டினால் புரண்டார். ஆனால் பேட்டரி மாற்றிக் கொடுத்த பிறகும் எனக்கு மிஸ்டு கால் கொடுக்கவில்லை. எதுவும் கேட்க மாட்டார். நான் வேலையிலிருந்து வந்து பார்த்தால் பை நிறைந்து வழிந்து, படுக்கை ஈரமாகிக் கிடப்பார்.

"பக்கத்து வூட்டுக்காரி வந்தப்ப சொல்லியிருக்கலாமே. எனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே."

"பரவால்ல வுடு."

அந்த ஈரத்தில் முதுகுப் புண் பெரிதாகியது. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்கு இறக்கினோம். ஐந்தாம் நாள் மத்தியானம், நான் டீ வாங்க வெளியே போயிருந்தபோது இறந்துபோனார்.

காரியம் முடிந்து, ஓசூருக்குக் கிளம்பும் காலையில் மகள் என் போனைக் கேட்டாள்.

"அந்தப் பதிவ எனுக்கு அனுப்பு மா."

"எதுக்குடி அது? அழிச்சிடலாம்னு கீறேன்."

"அழிக்காத. போட்டோ நெறைய கீது. போன்ல பேசுனா அப்பா 'ம்'ன்னுதான் சொல்வாரு. அவரு வாய் வுட்டுக் கூப்புட்ற குரல் அது ஒண்ணுலதான் கீது."

அனுப்பினேன். பஸ் வரும்வரை இரண்டு பேரும் ரோட்டோரம் நின்றிருந்தோம். என் போனில் இருந்ததை நான் அழிக்கவில்லை. இதுவரைக்கும் இரண்டாம் முறை கேட்டதும் இல்லை.