பாதிக் கடலில் திரும்பிய லோஞ்ச்

டீசல் புகையும் ஈரச் சாக்கின் மணமும் சேர்ந்து வந்தால் நான் இப்போதும் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வேன். அது திருகோணமலைக்கும் மூதூருக்கும் ஓடிய மோட்டார் படகின், மூதூர் லோஞ்சின் மணம்.

நேற்று சிநேகிதி ஒருத்தி பாலத்தின் படத்தைப் போட்டு, "இனி ஒரு சொட்டுத் தண்ணி படாம மூதூருக்குப் போகலாம்" என்று எழுதியிருந்தாள். லைக் போட்டேன். பிறகு போனை வைத்துவிட்டேன்.

மூதூர் தீவல்ல. ஆனால் எழுபதுகளில், அங்கே பிறந்து திருகோணமலை டவுனில் வாழ்க்கைப்பட்ட எனக்கு அது தீவுதான். ரோட்டால் போனால் கிண்ணியாவில் தொடங்கி ஆற்றுக்கு ஆறு பஸ்ஸை மிதவையில் ஏற்றி இறக்க வேண்டும். மாரியில் ஆறு பெருகினால் மிதவை ஓடாது. மிச்சம் இருப்பது கடல். மாரியில் கடலும் அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை.

அப்படி ஒரு மாரிக் காலையில்தான், எங்கள் ஊர்க்காரர் ஒருவர் லோஞ்சால் இறங்கி நேரே என் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"மகள்... வாப்பா விடிய சுபஹோட மௌத்தாயிட்டார். அஸர் மட்டும் பாத்திருப்பம் எண்டு காக்கா சொல்லச் சொன்னார். உடன வாங்க."

எங்களில் ஜனாஸாவை அடக்காமல் நெடுநேரம் வைத்துக்கொண்டிருப்பதில்லை. பின்னேர அஸர் தொழுகை வரை என்பதே என் காக்கா, மூத்த மகன் என்ற உரிமையில், எனக்காக எல்லோரிடமும் கெஞ்சி வாங்கியதாக இருக்கும். அடக்குகிற இடத்துக்குப் பெண்கள் போவதுமில்லை. வீட்டில் வைத்துப் பார்த்தால்தான் முகம்.

என்னைக் கட்டின மாப்பிள்ளை சீனன்குடாவில் வேலைக்குப் போயிருந்தார். அவருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, வந்த மனிதரோடு நான் இறங்குதுறைக்கு ஓடினேன்.

லோஞ்ச் ஓட்டுகிறவர் போவதா வேண்டாமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். செய்தி அவருக்குத் தெரியும். என்னைக் கண்டதும் "ஏறுங்க மகள்" என்றார். அவ்வளவுதான்.

துறைமுகத்துக்குள் இருக்கும் மட்டும் தண்ணீர் குளம் மாதிரி. துறைமுக வாயைத் தாண்டியதும் வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. மூட்டைகள் உருண்டன. ஆட்கள் ஓங்காளித்தார்கள். எனக்கு எதிரே சம்பூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு இருந்தாள்.

திடீரென்று லோஞ்ச் திரும்பியது. முன்னால் தெரிந்த மூதூர்க் கரை எனக்குப் பின்னால் போய்விட்டது.

"திருப்பாதீங்க! அல்லாவுக்காகத் திருப்பாதீங்க! வாப்பாட முகத்தப் பாக்கணும்!" என்று கத்தினேன்.

"இந்தக் காத்துக்கு ஏலாது மகள். மலை மறவுல கொஞ்சம் நிப்பம்."

துறைமுக வாய்க்குள் வந்து மலையின் மறைவில் நின்றோம். எவ்வளவு நேரமோ... காற்று கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. தணிந்ததோ, எங்களுக்குத்தான் அப்படி இருந்ததோ. அவர் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

"நான் போகத்தான் நினைக்கிறன். பயமான ஆள் இரிந்தா சொல்லுங்க. டவுன்ல இறக்கி விடுறன்."

நான் அந்தக் கைக்குழந்தையைத்தான் பார்த்தேன். அதன் தாய் வேண்டாம் என்றால் அது நியாயம். அவளை ஒருவரும் குறை சொல்ல முடியாது.

அவள் சேலைத் தலைப்பால் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக் கட்டினாள்.

"விடுங்கோ அண்ணை. அவ தகப்பன்ர முகத்தைப் பாக்க வேணும்."

ஒருவரும் இறங்கவில்லை.

மூதூர் இறங்குதுறையைத் தொட்டபோது அஸர் பாங்கு இன்னும் சொல்லவில்லை. வந்துவிட்டேன் வாப்பா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இறங்கினேன். வாப்பாவின் தம்பி, என் சாச்சா, மூச்சிரைக்க ஓடி வந்தார். என்னைக் கண்டதும் தலையில் கைவைத்து மணலில் இருந்துவிட்டார்.

"லோஞ்ச் திரும்பினத இந்தக் கண்ணால கண்டனான் மகள்... நான்தான் போய்ச் சொன்னனான், இனிப் பிள்ள வாறதுக்கில்ல, ஜனாஸாவ எடுங்க எண்டு... அடக்கிட்டாங்க மகள்."

எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். மாரியில் பாதிக் கடலில் திரும்பிய லோஞ்ச் அன்றைக்கு மறுபடி வந்ததாக ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அன்றைக்கு வந்தது. எனக்காக வந்தது.

நான் கோபக்காரி. என் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அன்று கோபிக்க ஒரு ஆள் கிடைக்கவில்லை. சாச்சாவையா? என்னைக் கொண்டுவந்து சேர்த்தவரையா?

வீட்டில் வாப்பாவைக் குளிப்பாட்டிய இடம் ஈரமாகவே இருந்தது. அடக்கிவிட்டு வந்தவர்களுக்குக் கைகால் கழுவ வாளியில் தண்ணீர் வைத்திருந்தார்கள். காக்கா கழுவவில்லை. மண் ஒட்டிய கையோடு நேரே என் முன்னால் வந்து குந்தினார்.

"குழிக்குள்ள வாப்பாட முகத்த கிப்லாப் பக்கம் திருப்பி வச்சது இந்தக் கைதான் புள்ள."

கையை நீட்டினார். அதை இரண்டு கையாலும் பிடித்து என் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். வாப்பாவிடம் நான் போய்ச் சேர்ந்தது அவ்வளவு தூரம்தான்.

இப்போது மகன் காரில் கூட்டிப்போகிறான். பாலத்துக்கு மேல் பாலம். ஒரு மௌத்து என்றால், "வந்துகொண்டிரிக்கிறம், வச்சிரிங்க" என்று ஒரு போன் போதும். அந்தக் காலம் போல வருமா என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காலம் எனக்கு வேண்டாம். எனக்காகப் பிள்ளையை நெஞ்சோடு கட்டியவளின் பெயரைக் கேட்காமல் இறங்கி ஓடிவிட்டேனே... அது ஒன்றுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

மூதூர் போனால் இறங்குதுறையில் காரை நிறுத்தச் சொல்வேன். போன முறை தூரத்தில் ஒரு படகு கரைக்கு வருவதுபோல் வந்து, பாதியில் திரும்பியது.

"அது திரும்பிட்டு உம்மா. வாங்க, போவம்" என்றான் மகன்.

"கொஞ்சம் நில்லுங்க மகன்" என்றேன். "அது வரும்."